வீடியோ கன்சல்டேஷன் லாபமா நஷ்டமான்னு கணக்கு போடறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகத்துல இருக்கறவங்களுக்கும், மெடிக்கல் இன்சூரன்ஸ்ல எதுக்கு பணம் குடுக்கலாம் எதுக்கு வேண்டாம்னு முடிவு பண்றவங்களுக்கும், சுகாதாரத் துறை பட்ஜெட்ல கையெழுத்து போடறவங்களுக்கும்,

வணக்கம்.

ஸ்பெஷலிஸ்ட் டாக்டர வீடியோல பாக்கறதால செலவு ஒண்ணும் குறையற மாதிரி தெரியல, அதனால கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கலாம்னு உங்க பக்கத்துல இருந்து பேச்சு வர ஆரம்பிச்சிருக்கு. கொரோனா சமயத்துல ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் வீடியோக்கு மாத்தினீங்க, அப்ப யாரும் கணக்கு கேக்கல, கேக்கற நிலைமையும் இல்ல. இப்ப கேக்கறீங்க. கேக்க வேண்டியது தான், அதுல தப்பே இல்ல. ஆனா நீங்க போடற கணக்குல ஒரு பெரிய செலவு காணவே காணோம், ஏன்னா அது எங்க பாக்கெட்ல இருந்து போகுது, உங்க லெட்ஜர்ல ஏறவே இல்ல.

நான் டாக்டரும் இல்ல, பொருளாதாரம் படிச்சவனும் இல்ல. அப்பாவுக்கு பார்க்கின்சன், அதாவது நடுக்கம், இறுக்கம் வந்து நடையே தடுமாற வைக்கற நரம்பு நோய், அவர நியூராலஜிஸ்ட்கிட்ட (நரம்பு டாக்டர்) கூட்டிட்டு போற வேலை என்னோடது, அதனால இந்த விஷயத்துல வெளிவந்த ஆய்வுகள கொஞ்சம் தேடிப் படிச்சேன். படிச்சதுல முதல்ல புரிஞ்சது என்னன்னா, வீடியோ மலிவா காஸ்ட்லியான்னு கேட்டா அதுக்கு ஒரே பதில் கிடையாது. 2010ல வந்த ஒரு தொகுப்பாய்வு, நேரடி வீடியோ மூலமா குடுத்த மருத்துவ சேவைகளோட செலவ அலசின 36 கட்டுரைகள எடுத்து வச்சு பாத்துச்சு. 61 சதவீதத்துல வீடியோ மலிவு, 31 சதவீதத்துல வீடியோ தான் அதிக செலவு, மிச்சம் ரெண்டும் ஒண்ணு தான் இல்லன்னா கலவையான முடிவு. அப்ப நீங்க "காஸ்ட்லி"ன்னு சொல்றதுக்கும் ஆய்வு இருக்கு, நான் "மலிவு"ன்னு சொல்றதுக்கும் ஆய்வு இருக்கு, ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பேப்பர தூக்கிட்டு சண்டை போட்டுட்டே இருக்கலாம். எங்க மலிவாச்சு, எங்க ஆகல, ஏன்னு பாக்கறது தான் உபயோகம்.

முதல்ல உங்களுக்கு சாதகமானத சொல்லிடறேன், அப்புறம் நான் மறைச்சேன்னு வரக் கூடாது பாருங்க. வட அயர்லாந்துல தோல் நோய்க்கு வீடியோ கன்சல்டேஷன் வச்சு 204 பேர்கிட்ட நடந்த ஒரு ஆய்வு 2000ல வெளிவந்துச்சு. ஒரு நோயாளிக்கு வீடியோவுக்கு ஆன மொத்த செலவு 132.10 பவுண்டு, வழக்கமா ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கறதுக்கு 48.73 பவுண்டு. அதாவது ரெண்டரை மடங்குக்கும் மேல. இத மட்டும் எடுத்து மீட்டிங்ல ஸ்லைடு போட்டா வீடியோ கதை அங்கயே முடிஞ்சுது. ஆனா அதே பேப்பர்ல கீழ போனா இன்னொரு வரி இருக்கு: அந்த ஆய்வுல இருந்தவங்க ஆஸ்பத்திரிக்கு போய் வர சராசரி தூரம் வெறும் 26 கிலோமீட்டர். அது 78 கிலோமீட்டரா இருந்து, ஒவ்வொரு ஹெல்த் சென்டரும் வாரத்துக்கு ஒரு காலை நேரத்த முழுசா இதுக்கு ஒதுக்கியிருந்தா ரெண்டு முறைக்கும் செலவு சமமா ஆயிருக்கும்னு அவங்களே கணக்கு போட்டிருக்காங்க. மிஷின் விலை அன்னைக்கு இருந்த விலை, இன்னைக்கு அந்த கேமராவும் ஸ்கிரீனும் எல்லார் பையிலயும் இருக்கு. அப்ப காஸ்ட்லியா இருந்தது வீடியோ இல்லீங்க, பக்கத்துல இருக்கறவங்களுக்கு, விலை ஜாஸ்தியான மிஷின்ல, எப்பவாவது ஒரு தடவை பண்ணின வீடியோ. பஸ்ஸ வாங்கி ஷெட்ல நிறுத்திட்டு கலெக்‌ஷன் இல்லன்னு சொல்ற கதை தான்.

இன்னொண்ணு, பிரிட்டன்ல 2,000 பேருக்கு மேல சேத்து பண்ணின பெரிய ஆய்வு, செலவு கணக்கு 2003ல வந்துச்சு. இதுல நோயாளி தன்னோட குடும்ப டாக்டர் ரூம்லயே உக்காந்துக்குவார், டாக்டரும் கூடவே இருப்பார், அந்தப் பக்கம் ஸ்பெஷலிஸ்ட். ஆறு மாசத்துக்கு ஒரு ஆளுக்கு ஆன செலவு வீடியோ பக்கம் 724 பவுண்டு, வழக்கமான பக்கம் 625. நோயாளிக்கு மிச்சமானது 8 பவுண்டு, வேலை நஷ்டம் குறைஞ்சதுல 11 பவுண்டு, இது ரெண்டையும் கழிச்சாலும் வீடியோ நஷ்டம் தான். ஏன்? ரெண்டு டாக்டரோட நேரம் ஒரே சமயத்துல ஒரே நோயாளிக்கு போகுது, அது ஒண்ணு. இன்னொண்ணு, வீடியோல பாத்தவங்கள்ல 52 சதவீதம் பேர திரும்ப வாங்கன்னு சொல்லியிருக்காங்க, நேர்ல பாத்தவங்கள்ல 41 சதவீதம் தான். தொட்டுப் பாக்காம டாக்டருக்கு மனசு ஒப்பல, வர சொல்லிட்டாங்க, இப்படித்தான் நான் புரிஞ்சுக்கறேன். டெஸ்ட் எழுதறது குறைஞ்சுது, நோயாளிகளுக்கு திருப்தி அதிகம், அதெல்லாம் இருந்தாலும் வீடியோல பாத்துட்டு மறுபடி நேர்லயும் பாத்தா அது ரெண்டு செலவு, யாருக்கும் பிரயோஜனம் இல்ல. இத நான் முழுசா ஒத்துக்கறேன். முதல் தடவை பாக்கறப்ப, கை வச்சுப் பாக்க வேண்டிய நோய்க்கு, வீடியோவ திணிக்காதீங்க.

இப்ப நார்வேக்கு வரேன், எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு இது தான், 2019ல வந்தது. ட்ரோம்சோல இருக்கற பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரியோட எலும்பு டாக்டருங்க, தூரத்துல ஒரு சின்ன சென்டர்ல உக்காந்திருக்கற நோயாளிய வீடியோல பாத்தாங்க, நோயாளி பக்கத்துல நர்ஸ் ஒருத்தர். 389 பேர குலுக்கல் முறைல ரெண்டா பிரிச்சு பண்ணின ஆய்வு. சமூகத்தோட மொத்த செலவையும், அதாவது துறையோட செலவு மட்டும் இல்லாம நோயாளிக்கு ஆகற செலவையும் சேத்தா வருஷத்துக்கு 151 கன்சல்டேஷன தாண்டினாலே வீடியோ மலிவு. 300 பண்ணினா வருஷத்துக்கு 18,616 யூரோ மிச்சம். சரி, சமூகத்தோட செலவு எல்லாம் எங்களுக்கு எதுக்கு, எங்க துறையோட பணத்த மட்டும் சொல்லுன்னு நீங்க கேப்பீங்க இல்ல, அதுக்கும் பதில் இருக்கு, வருஷத்துக்கு 183 கன்சல்டேஷன தாண்டினா போதும். அதாவது 151க்கும் 183க்கும் பெரிய வித்தியாசமே இல்ல. ஏன் இல்லன்னு யோசிச்சுப் பாருங்க. அந்த நாட்ல நோயாளி ஆஸ்பத்திரிக்கு போய் வர செலவ பெரும்பாலும் மருத்துவத் துறையே ஏத்துக்குது. அதனால நோயாளி பயணம் பண்ணலன்னா துறைக்கு நேரடியா காசு மிச்சம், அவங்க கண்ணுக்கு அது தெரியுது.

இந்த இடத்த தான் நீங்க நின்னு படிக்கணும்னு நான் கேக்கறது. பயணச் செலவ யார் தலைல கட்டறோமோ அவங்களுக்கு தான் வீடியோவோட லாபம் தெரியும். நோயாளி தலைல கட்டியாச்சுன்னா உங்க அறிக்கைல "மிச்சம் எதுவும் இல்லை"ன்னு தான் வரும், அது பொய்யும் இல்ல, உங்க கல்லாவுக்கு நிஜமாவே மிச்சம் எதுவும் இல்ல தான். அந்த வரிய வச்சுட்டு வீடியோவே வேஸ்ட்டுன்னு முடிவு எடுக்கறது தான் தப்பு.

எங்க பக்கத்து கணக்கு எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்றேன். பார்க்கின்சன் மாத்திரை மணிக்கணக்கு பாத்து போடணும், டோஸ் வேலை செய்யற நேரத்துல அப்பா நல்லா நடப்பார், இறங்கற நேரத்துல கால் தரையோட ஒட்டிக்கும். ஆஸ்பத்திரிக்கு கிளம்பற அன்னைக்கு இந்த டைம் எல்லாம் தலைகீழ். வண்டில சாப்பாடு லேட், மாத்திரை லேட், வெயிட்டிங் ஹால்ல உக்காந்து உக்காந்து இடுப்பு பிடிச்சு, டோக்கன் கூப்பிடறப்ப சரியா டோஸ் இறங்கியிருக்கும். டாக்டர் ரூம் வாசல்ல அப்படியே உறைஞ்சு நிப்பார், நான் கைய பிடிச்சு "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணி உள்ள கூட்டிட்டு போவேன். டாக்டர் பாக்கறது அந்த அப்பாவ. பாத்துட்டு டோஸ ஏத்தலாமான்னு கேப்பார். வீட்ல எப்படி இருக்கார்னு நான் வாயால சொல்றதோட சரி. வீடியோல பாத்தப்ப கதையே வேற. தினமும் உக்கார்ற நாற்காலில இருந்து எழுந்து ஹால்ல நடந்து காட்டினார், பட்டன் போட்டுக் காட்டினார், மிதியடில கால் தட்டினத பாத்துட்டு டாக்டர் அத முதல்ல எடுங்கன்னாங்க. மருந்த மாத்தவே இல்ல. நேர்ல போயிருந்தா அந்த மிதியடி அவங்களுக்கு எப்படி தெரியும்?

வீடியோல முடியாததும் இருக்கு, அத மறைக்க மாட்டேன். கை மூட்டு எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு டாக்டர் மடக்கிப் பாக்கணும், பின்னாடி நின்னு தோள இழுத்து விழறாரா சமாளிக்கறாரான்னு பாக்கணும், இது ரெண்டும் ஸ்கிரீன் வழியா ஆகாது. அதனால நடுநடுவுல நேர்ல போய்த் தான் ஆகணும், நாங்க போறோம். எல்லா தடவையும் எதுக்குன்னு தான் கேள்வி. அமெரிக்காவுல 2017ல வந்த ஒரு ஆய்வுல பார்க்கின்சன் இருக்கற 195 பேர்ல பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோட கூட, வீட்லயே வீடியோல நிபுணர பாக்க ஏற்பாடு பண்ணினாங்க. வாழ்க்கைத் தரத்துல பெரிய வித்தியாசம் எதுவும் வரல, கூடவும் இல்ல குறையவும் இல்ல. ஆனா ஒரு விசிட்டுக்கு 88 நிமிஷமும் 38 மைலும் மிச்சம், அது நடு மதிப்பு, அதாவது பாதிப் பேருக்கு இதுக்கு மேல, பாதிப் பேருக்கு இதுக்கு கீழ. உங்க ஆளுங்க இத பாத்துட்டு "பலன் எதுவும் இல்லையே"ம்பாங்க. அதே பலன ஒன்றரை மணி நேரம் குறைவா குடுத்தா அதுக்குப் பேரு என்னங்க? அந்த ஒன்றரை மணி நேரம் நோயாளிக்கு மட்டும் இல்ல, கூட வர்றவங்களுக்கும் சேத்து, அவங்க லீவு போட்டு வர்றவங்க, தினக்கூலில இருக்கறவங்களுக்கு லீவுன்னா அன்னைக்கு வருமானமே இல்ல. கூட வர்ற ஆள எந்த ஃபார்ம்லயும் எண்றது இல்ல.

காலம்னு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லணும். பக்கவாதம் வந்தவங்கள சின்ன ஆஸ்பத்திரில சேத்து, தூரத்துல இருக்கற நியூராலஜிஸ்ட் வீடியோல பாத்து ரத்தக்கட்டிய கரைக்கற மருந்து குடுக்கலாமான்னு சொல்ற ஏற்பாடு ரொம்ப நாளா இருக்கு. அந்த மருந்துக்கு பொதுவா நாலரை மணி நேரம் தான் கெடு, ஆம்புலன்ஸ்ல பெரிய ஊருக்கு தூக்கிட்டு ஓடினா அது பாதி ரோட்லயே முடிஞ்சிரும். இதுக்கு 2011ல அமெரிக்காவுல செலவு கணக்கு போட்டாங்க. ஆரோக்கியமா வாழற ஒரு கூடுதல் வருஷத்துக்கு என்ன விலைங்கற மாதிரி ஒரு அளவு வச்சிருக்காங்க இல்லையா, அதுல 90 நாள மட்டும் பாத்தா 1,08,363 டாலர், ஐயோன்னு இருக்கும். வாழ்நாள் முழுக்க பாத்தா 2,449 டாலர். ஒரே சேவை தான், ஒரே நோயாளிங்க தான். மிஷின் செலவு முதல் நாளே வந்துரும், ஒருத்தர் படுக்கைல விழாம நடமாடிட்டு இருக்கறதோட மிச்சம் வருஷக் கணக்குல மெதுவா தான் வரும். நீங்க வருஷா வருஷம் மார்ச்சுலயோ டிசம்பர்லயோ புக்க மூடறவங்க, உங்களுக்கு அந்த மிச்சம் கண்ல படவே படாது.

இன்சூரன்ஸ் பக்கம் இருக்கறவங்க ஒரு பயம் சொல்றாங்க, ஈஸியா ஆக்கிட்டா தேவையில்லாதவங்களும் வந்து நிப்பாங்கன்னு. அது வெத்து பயம் இல்ல. கலிஃபோர்னியால சளி இருமல் மாதிரி விஷயத்துக்கு ஃபோன்லயும் வீடியோலயும் டாக்டர பாத்தவங்கள பத்தி 2017ல வந்த ஒரு ஆய்வுல 12 சதவீதம் தான் நேர்ல போறதுக்கு பதிலா பாத்தது, 88 சதவீதம் புதுசா வந்த உபயோகம். மொத்த செலவு ஏறிச்சு. ஆனா அது யாரும் எப்ப வேணா கூப்பிடற சேவைங்க, ஸ்பெஷலிஸ்ட் அப்படி இல்லையே. நியூராலஜிஸ்ட்ட பொழுதுபோக்குக்கு யாரும் கூப்பிடறதில்ல, ரெஃபரல் வேணும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே பெரும்பாடு, மறுபடி எப்ப வரணும்னும் அவங்க தான் சொல்றாங்க. சளிக்கு போட்ட கணக்க எடுத்து எங்க தலைல கட்டாதீங்க.

நோயாளியே இல்லாத வீடியோ கன்சல்டேஷன்னு ஒண்ணு இருக்கு, என் பார்வைல எல்லாத்தையும் விட அது தான் சிக்கனமா இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா அத பத்தி நீங்க பேசியே நான் கேட்டதில்ல. அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்துல சஞ்சீவ் அரோரான்னு ஒரு கல்லீரல் நிபுணர், ஹெபடைடிஸ் சிங்கற கல்லீரல் தொற்று வந்த நோயாளிங்க அவர பாக்கவே மாசக்கணக்கா காத்துக் கிடந்தாங்க. 2003ல அவர் என்ன பண்ணினார்னா, கிராமத்து டாக்டருங்களையும் சிறைல இருக்கற டாக்டருங்களையும் வாராவாரம் வீடியோல உக்கார வச்சு அவங்க கேஸ ஒவ்வொண்ணா பேச ஆரம்பிச்சார். ப்ராஜெக்ட் எக்கோன்னு பேரு. 2011ல 407 நோயாளிங்கள வச்சு முடிவு வெளியிட்டாங்க, பல்கலைக்கழக ஆஸ்பத்திரில குணமானது 57.5 சதவீதம், அந்த ஊர் டாக்டருங்ககிட்ட 58.2. ஸ்பெஷலிஸ்ட்டோட ஒரு மணி நேரத்துல பத்து டாக்டருங்க கத்துக்கிட்டாங்கன்னா அவங்க ஒவ்வொருத்தரும் எத்தனை பேர பாப்பாங்க. இதுக்கு பல இடங்கள்ல ஸ்பெஷலிஸ்ட்டுக்கு சம்பளமே குடுக்கறதில்ல, நோயாளி பேர்ல பில் போட முடியாதுல்ல, அதனால.

சரி, நடைமுறைல நீங்க எப்படி நடத்தறீங்கன்னும் கொஞ்சம் பேசணும், ஏன்னா வீடியோ நஷ்டம் ஆகறதுக்கு பாதிக் காரணம் அங்க தான் இருக்கு. எனக்கு தெரிஞ்ச ஒரு ஆஸ்பத்திரில (பேரு வேண்டாம்) வீடியோ அப்பாயின்ட்மென்ட்ட ஓபி நடுவுலயே சொருகி வச்சிருப்பாங்க. டாக்டர் வெளிய நாப்பது பேர உக்கார வச்சுட்டு எப்படி ஸ்கிரீன் முன்னாடி நிம்மதியா உக்காருவாங்க? லிங்க் வரும், நாங்க அப்பாவ ரெடி பண்ணி, மாத்திரை டைம் பாத்து உக்கார வச்சா "ஹோஸ்ட் வருவதற்காக காத்திருக்கவும்"னு அது பாட்டுக்கு சுத்திட்டு இருக்கும். கடைசில டாக்டர் வந்தா ஸ்கேன் ரிப்போர்ட் அவங்க கம்ப்யூட்டர்ல இல்ல, நாங்க முந்தின நாளே அப்லோட் பண்ணினது வேற ஏதோ ஃபோல்டர்ல போய் உக்காந்திருக்கு, நான் பிரிண்ட் அவுட்ட கேமராகிட்ட பிடிச்சுக் காட்டறேன், அவங்க "கொஞ்சம் மேல, இன்னும் கிட்ட"ங்கறாங்க. பாதி நேரம் அதுலயே போச்சு. அப்புறம் "நேர்ல வந்துருங்களேன்". இந்த அப்பாயின்ட்மென்ட் உங்க புள்ளிவிவரத்துல வீடியோவால தீராத கேஸ்னு தான் பதிவாகும். அது ரிப்போர்ட்ட ஒழுங்கா எடுத்து வைக்க ஆள் போடாததால தீராத கேஸ். ஒரு நர்ஸோ கோஆர்டினேட்டரோ பத்து நிமிஷம் முன்னாடி கூப்பிட்டு, வெளிச்சம் முகத்துல விழுதா, ரிப்போர்ட் வந்துச்சா, மாத்திரை லிஸ்ட் கைல இருக்கான்னு பாத்தா போதும். அந்த ஆளோட சம்பளத்தையும் சேத்து கணக்கு போடுங்க, நான் வேண்டாங்கல, ஆனா அவங்கள வைக்காம கணக்கு போடாதீங்க.

டாக்டர் ஃபீஸ் விஷயத்துல நான் டாக்டருங்க பக்கம். வீடியோன்னா பாதி ஃபீஸ்னு வச்சா அவங்க எதுக்கு பண்ணப் போறாங்க, மூளையும் நேரமும் அதே தானே. ஆனா வீட்ல உக்காந்து பாக்கற நோயாளிகிட்ட கட்டடத்துக்கும் ஏசிக்கும் சேத்து வசதிக் கட்டணம் வாங்கறது எந்த ஊர் நியாயம்னு தெரியல, சில இடத்துல வாங்கியிருக்காங்க. அத முதல்ல நிறுத்தணும்.

நான் கேக்கறது இவ்வளவு தான். வீடியோவ எல்லாருக்கும் எல்லாத்துக்கும் குடுங்கன்னு கேக்கல. ஏற்கனவே நேர்ல பாத்து நோய் இன்னதுன்னு தெரிஞ்சவங்க, மருந்து அளவு பாக்க வர்றவங்க, ரிசல்ட் கேக்க வர்றவங்க, தூரத்துல இருந்து வர்றவங்க, நடக்க முடியாதவங்க, இவங்களுக்கு அடுத்த விசிட் வீடியோவா நேர்லயான்னு டாக்டரும் அவங்களும் பேசி முடிவு பண்ற உரிமை இருக்கட்டும், நிர்வாகம் ஒரு சர்க்குலர் போட்டு மூடக் கூடாது. அதுக்கு வாரத்துல குறிப்பிட்ட நேரத்த தனியா ஒதுக்குங்க. அப்புறம் வீடியோ பாத்த எத்தனை பேர் அதே விஷயத்துக்கு ஒரு மாசத்துக்குள்ள மறுபடி நேர்ல வர வேண்டியதாச்சுன்னு எண்ணி வெளியிடுங்க, டிபார்ட்மென்ட் வாரியா. எந்த டிபார்ட்மென்ட்ல அது அதிகமோ அங்க குறைச்சுக்கங்க, நான் வாயே திறக்க மாட்டேன்.

கடைசியா, உங்க ரிஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம்ல ரெண்டு கட்டம் சேருங்க. கிளம்பினதுல இருந்து இங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆச்சு, கூட எத்தனை பேர் லீவு போட்டு வந்தாங்க. ஒரு வருஷம் அத நிரப்ப வச்சு, அந்த மொத்தத்தையும் அடுத்த பட்ஜெட் மீட்டிங்ல வீடியோ செலவுக்கு பக்கத்துல வச்சுட்டு அப்புறம் முடிவு எடுங்க. அது வரைக்கும் இப்ப இருக்கற வீடியோ ஸ்லாட் எதையும் எடுக்க வேண்டாம்னு கேட்டுக்கறேன். இதுக்கு உங்க பதில எழுத்துல எதிர்பாக்கறேன், முடியாதுன்னாலும் சரி, காரணத்தோட.

இப்படிக்கு,
ஒரு பார்க்கின்சன் நோயாளியோட மகன்